எப்படித் தெரியும் என்று கேளுங்கள்: தொற்றுநோய்க் காலத்தில் செய்தி எழுத வரும் பிள்ளைகளுக்கு

சுவிஸில் பிறந்து வளர்ந்து, தமிழில் செய்தி எழுத முன்வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஜெர்மனும் பிரெஞ்சும் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேர்ணில் கூட்டாட்சி அரசு நடத்தும் ஊடகச் சந்திப்பை யாருடைய உதவியும் இல்லாமல் கேட்டு விளங்கிக்கொள்ள உங்களால் முடியும். உங்கள் அம்மா அப்பாக்களில் பலரால் அது முடியாது. 2020 மார்ச் 16 அன்று கொரோனாவுக்காக அரசு அசாதாரண நிலையை அறிவித்தபோது, உணவகச் சமையலறையிலும் முதியோர் இல்லத்திலும் வைத்தியசாலைத் துப்புரவிலும் வேலை செய்துகொண்டிருந்த எங்கள் ஆட்கள், நாளைக்கு வேலைக்குப் போவதா, சம்பளம் வருமா, பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் நின்றார்கள். அரசு தமிழிலும் அறிவித்தல் போட்டது. செஞ்சிலுவைச் சங்கத்தின் மிகெஸ்பிளஸ் தளத்திலும் தமிழ்க் குறிப்புகள் இருந்தன. ஆனால் ஒரு சுவரொட்டியிடம் திருப்பிக் கேள்வி கேட்க முடியாது. அந்த இடத்தை வாட்ஸ்அப் குரல் பதிவுகள் பிடித்துக்கொண்டன.

நோய்க் காலத்தில் எங்கள் வாசகர் செய்தியைப் படித்த அன்றைக்கே அதன்படி நடக்கிறார். கடைக்குப் போகிறார், அல்லது கதவைப் பூட்டுகிறார். ஊசி போடுகிறார், அல்லது தள்ளிப்போடுகிறார். ஆகவே உங்கள் பிழை இன்னொருவருடைய உடம்பில் போய் முடியும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

1. எந்த இலக்கத்தையும் அது எப்படி வந்தது என்று தெரியாமல் எழுதாதீர்கள்.

பணக்கார நாடு, ஒழுங்கான நாடு, இலக்கம் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். 2020 வசந்த காலத்தில் சுவிஸ் வைத்தியர்கள் பலர் தொற்று விவரங்களைத் தாளில் நிரப்பி, தொலைநகலில்தான் கூட்டாட்சி சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒருவர் அதைப் பார்த்துக் கணினியில் ஏற்ற வேண்டும். 26 மாநிலங்களும் தங்கள் தங்கள் நேரத்தில், தங்கள் தங்கள் முறையில் எண்ணின. மாநிலம் சொன்ன இலக்கமும் பேர்ண் சொன்ன இலக்கமும் பொருந்தாத நாட்கள் நிறைய. சூரிச் மாநிலப் புள்ளிவிவர அலுவலகம் எல்லா மாநிலங்களின் இலக்கங்களையும் திரட்டி, யாரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்த தரவாக வெளியிட்டது. அந்தப் பக்கத்தைத் தினமும் பார்த்தவர்களுக்கு, ஓர் இலக்கத்துக்குப் பின்னால் எத்தனை கைகள் இருக்கின்றன என்பது தெரிந்தது.

அதே ஆண்டு ஜூலை 31, வெள்ளிக்கிழமை. தொற்று எங்கே ஏற்படுகிறது என்ற கணக்கைச் சுகாதார அலுவலகம் வெளியிட்டது. இரவு விடுதிகளும் நடன அரங்குகளும் முதலிடத்தில், ஏறக்குறைய 42 வீதம். நாடு முழுக்க அது தலைப்பாகியது. இளைஞர்கள் மீது பழி விழுந்தது, விடுதிகளை மூடச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. ஓகஸ்ட் 2, ஞாயிறு அன்று அதே அலுவலகம் திருத்தம் சொன்னது: கணக்கில் பிழை, இரவு விடுதிகளின் பங்கு 2 வீதத்துக்கும் குறைவு, முதலிடம் குடும்பத்துக்குள் ஏற்படும் தொற்றுக்கே, 27 வீதத்துக்கு மேல். இரண்டே நாட்களில் படம் தலைகீழானது. இந்தத் திருத்தம் எங்கள் வீடுகளுக்கு எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். மூன்று தலைமுறை ஒரே மாடிவீட்டில் இருக்கும் குடும்பத்துக்கு, ஆபத்து சூரிச் விடுதியில் இல்லை, உங்கள் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது என்று சொல்வது வேறு செய்தி. முதல் தலைப்பை மொழிபெயர்த்துப் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்த ஒரு தமிழ்த் தளம் தன் வாசகரைத் தவறான பக்கம் பார்க்க விட்டுவிடும்.

வெள்ளிக்கிழமையே அந்தக் கணக்கைச் சந்தேகிக்க இடம் இருந்ததா? இருந்தது. எத்தனை பேருடைய விவரத்தை வைத்து இந்த வீதம்? எத்தனை பேருக்குத் தொற்றிய இடமே தெரியவில்லை? இந்த இரண்டு கேள்விகளையும் தொலைபேசியில் கேட்டிருந்தால், அலுவலகத்தில் ஒருவர் தாளைத் திரும்பப் புரட்டியிருப்பார்.

தமிழ்நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 2020 ஜூனில் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டையும் மாநில அரசின் அன்றாட அறிக்கையையும் செய்தியாளர்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் பொருந்தவில்லை. அரசு குழு அமைத்துச் சரிபார்த்தது. ஜூலை 22 அன்று, விடுபட்ட 444 இறப்புகள் கணக்கில் சேர்க்கப்பட்டன. இரகசிய ஆவணம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. இரண்டு பதிவேடுகளும், அவற்றைப் பொறுமையாக ஒப்பிட்டுப் பார்த்தவர்களும் போதுமாக இருந்தது.

2. இலக்கத்தை அதன் துணை இல்லாமல் விடாதீர்கள்.

இன்று 1,000 பேருக்குத் தொற்று என்றால் எத்தனை பேரைச் சோதித்து? நேற்று ஞாயிறா? ஞாயிறு சோதனை குறைவு, செவ்வாய் கூடும். அதைப் பார்த்து ஒருநாள் தணிகிறது என்றும் மறுநாள் பாய்கிறது என்றும் எழுதாதீர்கள், ஏழு நாள் சராசரியைப் பாருங்கள். ஒருவர் எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்று காட்டும் ஆர் மதிப்பு ஏறக்குறைய பத்து நாட்களுக்கு முந்திய நிலைமையைத்தான் சொல்லும், அதுவும் பிறகு திருத்தப்படும். அதை ஒரு தசமப் புள்ளியோடு உறுதியாக எழுதுகிறவர்கள் அதை விளங்கிக்கொள்ளவில்லை.

இறப்பைப் பற்றி விவாதம் வரும்போது கூட்டாட்சிப் புள்ளிவிவர அலுவலகத்தின் கணக்கை எடுங்கள். 2020இல் சுவிஸில் 76,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள், 2019ஐ விட ஏறக்குறைய 12 வீதம் அதிகம். இது சாதாரணக் காய்ச்சல்தானே என்று கேட்ட மாமாவுக்கு இந்த ஒரு வரி போதும்.

இன்னொன்று. பேர்ண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வசதி குறைந்த குடியிருப்புகளில் இருப்பவர்கள் குறைவாகச் சோதிக்கப்பட்டார்கள், ஆனால் அதிகமாக வைத்தியசாலைக்குப் போனார்கள், அதிகமாக இறந்தார்கள் என்று கண்டார்கள். எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் எந்தக் குடியிருப்பில் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். நாடு முழுமைக்குமான சராசரி அவர்களுடைய கதையைச் சொல்லாது. இதைப் போய் எழுத வேண்டியவர்கள் நீங்கள்தான், வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

3. ஆய்வுக் கட்டுரை என்ற பெயரைக் கண்டு மயங்காதீர்கள்.

2020 ஜனவரி கடைசியில் டெல்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் உட்பட ஒரு குழு, புதிய வைரஸில் எச்.ஐ.வி.யின் துண்டுகள் இருப்பதுபோல் ஒரு முன்வரைவை இணையத்தில் ஏற்றியது. மற்ற விஞ்ஞானிகள் உடனே பிழைகளைக் காட்டினார்கள், சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது. ஆனால் செயற்கையாகச் செய்த வைரஸ் என்ற கதை அதன்பிறகு நின்றதா? முன்வரைவு என்றால் வேறு வல்லுநர்கள் இன்னும் பார்க்காதது. அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், ஏழாவது பத்தியில் ஒளிக்காதீர்கள்.

வல்லுநர்கள் பார்த்ததும் விழும். 2020 மே 22 அன்று உலகப் புகழ் பெற்ற லான்செட் இதழில் ஹைட்ரொக்சி குளோரோகுயின் மாத்திரை பற்றி ஒரு கட்டுரை வந்தது. 96,000 நோயாளிகள், 671 வைத்தியசாலைகள், ஆசிரியர்களில் ஒருவர் சூரிச் பல்கலைக்கழக வைத்தியசாலைக்காரர். அதை நம்பி உலக சுகாதார நிறுவனம் அந்த மாத்திரைச் சோதனையை நிறுத்திவைத்தது. கார்டியன் நாளிதழின் செய்தியாளர்கள் ஒரு சின்னக் கணக்குப் பார்த்தார்கள்: கட்டுரை சொல்லும் காலத்தில் ஆஸ்திரேலியாவில் இறந்ததாகக் கட்டுரை காட்டிய எண்ணிக்கை, ஆஸ்திரேலியாவே அறிவித்த மொத்த இறப்பை விட அதிகம். தரவைத் தந்த சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம் அதைச் சரிபார்க்க யாருக்கும் காட்டவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வைத்தியப் பட்டம் இல்லாத செய்தியாளரும் கூட்டல் கழித்தல் செய்யலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

4. அதிகாரிகள் சொல்வதை எழுதுங்கள். அவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆரோக்கியமானவர்கள் முகக்கவசம் போடுவதால் பெரிய பயன் இல்லை என்று 2020 வசந்த காலத்தில் கூட்டாட்சி சுகாதார அலுவலகம் சொல்லிக்கொண்டிருந்தது. தொற்றுநோய்ப் பிரிவின் தலைவர் டானியல் கோக் அதன் முகமாக இருந்தார். ஜூலை 6 முதல் ரயிலிலும் பஸ்ஸிலும் முகக்கவசம் கட்டாயமானது. எங்கள் பெரியவர்கள் கேட்டார்கள்: அன்றைக்குப் பொய் சொன்னார்களா, இன்றைக்குப் பொய் சொல்கிறார்களா? அந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் எழுதிய தமிழ்ப் பக்கங்கள் மிகக் குறைவு. அன்று முகக்கவசம் தட்டுப்பாடு, வைத்தியசாலைகளுக்கே போதவில்லை. ஆதாரமும் மெலிந்திருந்தது. அறிகுறி இல்லாதவர்களும் பரப்புகிறார்கள் என்பது பின்னரே பலமாகத் தெரிந்தது. இவற்றை அன்றே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் ஜூலையில் இவ்வளவு கோபம் எழுந்திராது. அதிகாரி சொல்லாமல் விட்டதைக் கேட்டு வாங்குவது செய்தியாளர் வேலை.

ஜெனீவாவிலும் அதுவே நடந்தது. கொரோனா காற்றில் பரவுவது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 28 அன்று டுவிட்டரில் அடித்துச் சொன்னது. காற்றில் நீடிக்கும் நுண்துளிகள் வழியாகவும் பரவும் என்று தன் பக்கத்தில் தெளிவாக எழுத அதற்கு 2021 வரை பிடித்தது. அந்த நிறுவனத்தின் முதல் தலைமை விஞ்ஞானியாக இருந்தவர் எங்கள் சென்னைப் பெண், சௌமியா சுவாமிநாதன். 2022இல் பதவியை விட்டுப் போகும்போது, அதை நாங்கள் இன்னும் முன்னரே சொல்லியிருக்க வேண்டும் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் இடைப்பட்ட மாதங்களில் சன்னலைத் திறப்பதை விட மேசையைத் துடைப்பதில் எங்கள் கடைகளும் கோயில்களும் கவனமாக இருந்தன.

ஆகவே ஒவ்வொரு செய்தியிலும் திகதி இருக்கட்டும். இன்றைக்குத் தெரிந்தது இது, இன்னும் உறுதியாகாதது இது என்று பிரித்துக் காட்டுங்கள். வாசகருக்கு அது விளங்காது என்று நினைக்காதீர்கள். போர்க்காலத்தில் எந்தப் பாதை இன்றைக்குத் திறந்திருக்கிறது, நாளைக்கு எப்படியோ தெரியாது என்று கேட்டறிந்து வாழ்ந்தவர்கள் அவர்கள்.

5. நிபந்தனையை வெட்டாதீர்கள்.

2020 ஏப்ரல் 27 அன்று, தாத்தா பாட்டிமார் சின்னப் பேரப்பிள்ளைகளைக் கட்டியணைக்கலாம் என்று கோக் சொன்னார். தலைப்பு அத்தோடு முடிந்தது. அவர் சொன்னது சுருக்கமாக அணைத்துக்கொள்ளலாம் என்று. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை இன்னும் அவர்களிடம் விடவேண்டாம் என்பதும் அதில் இருந்தது. வேறு நாட்டு வல்லுநர்கள் பலர் இந்த ஆலோசனையை ஏற்கவும் இல்லை. அம்மம்மா பிள்ளை பார்த்தால்தான் அம்மா வேலைக்குப் போகலாம் என்று இருக்கும் எங்கள் வீட்டில், செய்தியின் உயிரே அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது.

6. நோயாளியைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

இதை நீட்டித்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் எங்கள் சமூகம் இதில்தான் கூடுதலாகத் தடுக்கி விழுந்தது.

2020 மார்ச் 15, யாழ்ப்பாணம் அரியாலை. சுவிஸிலிருந்து போன ஒரு போதகர் அங்கே தேவாலயத்தில் ஆராதனை நடத்தினார். சுவிஸ் திரும்பிய பின் அவருக்குத் தொற்று உறுதியானது. யாழ்ப்பாணத்தில் முதலில் கண்டறியப்பட்டவர்கள் அவரோடு தொடர்பில் இருந்தவர்கள். ஆராதனையில் இருந்தவர்கள் தனிமைப்படுத்தப்பட்டார்கள், மாவட்டம் ஊரடங்கில் முடங்கியது.

இந்தச் செய்தியில் பொதுமக்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டவை எவை? எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி நேரம், அங்கே இருந்தவர்கள் யாரை அழைக்க வேண்டும், எத்தனை நாள் மற்றவர்களிடமிருந்து விலகியிருக்க வேண்டும். ஆனால் பரவியவை அவருடைய பெயர், படம், அவருடைய சபை, அந்தச் சபை மீது முன்பே இருந்த கசப்பு. சைவமா கிறிஸ்தவமா என்ற பழைய சண்டைக்கு வைரஸ் ஒரு சாட்டாகப் போயிற்று. சுவிஸ் என்ற சொல்லே ஊரில் சில வாரம் வசையாக இருந்தது. அவமானத்துக்குப் பயந்தவர் அறிகுறியை மறைப்பார். மறைத்தவர் வீட்டிலேயே பரப்புவார். பழி சொல்லும் செய்தி நோயைப் பரப்பும் செய்தி என்பதை நான் கொள்கையாகச் சொல்லவில்லை, தொற்று எப்படி ஓடுகிறது என்ற கணக்காகச் சொல்கிறேன்.

அதே மாதம் டெல்லி நிஜாமுதீனில் தப்லீக் ஜமாஅத் என்ற முஸ்லிம் அமைப்பின் கூட்டம். அங்கே போய் வந்தவர்களைத் தேடிச் சோதிக்க வேண்டியது நியாயம். ஆனால் இந்தியத் தொலைக்காட்சிகள் பல அதை ஒரு மதத்தின் சதியாகக் காட்டின, காய்கறி விற்ற முஸ்லிம்களைத் தெருவில் விரட்டும் அளவுக்கு அது போனது. தமிழ்நாட்டு அரசின் அன்றாட அறிக்கை சில நாட்களில் கூட்டத்தின் பெயரை விட்டுவிட்டு ஒரே மூலத்திலிருந்து வந்த தொற்று என்று எழுதத் தொடங்கியது. ஓகஸ்ட் 21 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வந்திருந்த வெளிநாட்டவர்கள் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்தபோது ஊடகங்களின் பிரசாரத்தைக் கடுமையாகக் கண்டித்தது. தீர்ப்பு வந்தபோது விரட்டப்பட்டவருடைய வண்டி எங்கே போயிருக்கும்?

இலங்கையில் 2020 ஏப்ரல் 11 அன்று கொரோனாவில் இறந்தோரை எரிப்பது கட்டாயமாக்கப்பட்டது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்றார்கள். இரண்டு முறையும் சரி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. பிறந்து இருபது நாளான ஒரு முஸ்லிம் குழந்தையும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது, 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. நிலத்தடி நீர் பற்றி எந்த ஆய்வு சொல்கிறது, காட்டுங்கள் என்று தொடக்கத்திலேயே எல்லாச் செய்தியறைகளும் விடாமல் கேட்டிருக்க வேண்டும். தமிழ்ச் செய்தியறைகளும் அதில் அடக்கம். முஸ்லிம்களுடைய பிரச்சினை என்று சிலர் ஒதுங்கினார்கள். அது எனக்கு இன்றும் வலிக்கிறது.

7. ஒன்றன்பின் ஒன்று நடந்தால் ஒன்றால் மற்றது நடந்தது என்று ஆகாது.

சுவிஸில் முதல் ஊசி 2020 டிசம்பர் 23 அன்று லுட்சேர்ன் மாநிலத்தில் 90 வயது மூதாட்டிக்குப் போடப்பட்டது. ஒரு வாரத்துக்குள் அதே மாநிலத்தில் ஊசி போட்ட 91 வயது முதியவர் ஒருவர் இறந்தார். ஊசியால் முதல் மரணம் என்று சில தளங்கள் முழங்கின. மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான சுவிஸ்மெடிக் விசாரித்து, அவருக்கு முன்பே பல கடுமையான நோய்கள் இருந்தன, ஊசியோடு தொடர்பு இருப்பதற்கான சாத்தியம் மிகக் குறைவு என்றது. முதியோர் இல்லங்களில் ஊசி போடாத காலத்திலும் ஒவ்வொரு வாரமும் மரணம் நடக்கிறது. அங்கிருந்துதானே ஊசித் திட்டம் தொடங்கியது.

நடிகர் விவேக்கை நினைத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரல் 15 அன்று சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மற்றவர்களுக்கும் துணிவு வரட்டும் என்று ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் திகதி இறந்தார். இதயத்தின் முக்கிய இரத்தக்குழாய் முழுதாக அடைபட்டிருந்தது என்று மருத்துவமனை அன்றே சொன்னது. அவ்வளவு அன்புக்குரிய மனிதர் போனதைத் தாங்க முடியாத நெஞ்சுகளில் பயம் குடியேறியது. சூரிச்சில் இருந்த எங்கள் ஆட்களும் ஊசி நாளைத் தள்ளிப்போட்டார்கள். ஊசியால் அல்ல என்று இந்திய நிபுணர் குழு ஒக்டோபரில் முடிவு சொன்னபோது அது எத்தனை தளங்களில் முதல் பக்கத்தில் வந்தது?

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஊசிக்குப் பக்கவிளைவுகள் உண்டு. இளைஞர்களில் அரிதாக இதயத்தசை அழற்சி வந்தது, சுவிஸ்மெடிக் அவற்றைப் பதிவு செய்து அறிக்கையாக வெளியிட்டது. அந்த அறிக்கைகளில் உள்ளவை சந்தேகமாக வந்த முறைப்பாடுகள், எல்லாம் நிரூபணமானவை அல்ல என்று சொல்லி, இலக்கத்தோடு எழுதுங்கள். பக்கவிளைவைப் பற்றிப் பேசாமல் விட்டால் அதைப் பேச வேறு ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

8. அரசுக்கும் அரசை எதிர்ப்பவர்க்கும் ஒரே தூரத்தில் நில்லுங்கள்.

ரிங்கியர் பெரிய ஊடக நிறுவனம், பிளிக் நாளிதழ் அவர்களுடையது. அதன் தலைமை நிர்வாகி மார்க் வால்டர் 2021 பெப்ரவரியில் ஒரு கூட்டத்தில், தாங்கள் இயங்கும் எல்லா நாடுகளிலும் செய்திகள் வழியாக அரசுக்குத் துணை நிற்க விரும்பியதாகச் சொன்னார். ஆண்டு முடிவில் அந்தக் காணொளி வெளியே வந்தது. ஆசிரியபீடம் தன் சுதந்திரத்தை இழக்கவில்லை என்று நிறுவனம் மறுத்தது. 2023 ஜனவரியில், அன்றைய சுகாதார அமைச்சர் அலன் பெர்சேயின் ஊடகப் பொறுப்பாளர் வால்டருக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்தார் என்ற செய்தி வந்தது. நாடாளுமன்றக் குழு விசாரித்தது, அமைச்சருக்கு அது தெரிந்திருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. யார் எவ்வளவு தவறு என்பதைத் தீர்மானிப்பது என் வேலை இல்லை. ஆனால் அந்த ஒரு காணொளி, அரசு சொன்ன உண்மையான செய்திகளையும் நம்பாமல் விட மக்களுக்குக் காரணம் கொடுத்தது. நல்ல நோக்கத்தோடு அரசுக்கு உதவ நினைக்கும் இளையவர்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

கொவிட் சட்டத்தை இந்த நாட்டு மக்கள் மூன்று தடவை வாக்கெடுப்பில் ஏற்றார்கள், 2021 ஜூனிலும் நவம்பரிலும் 2023 ஜூனிலும், ஒவ்வொரு தடவையும் 60 வீதத்துக்கு மேல். அப்படியானால் பத்தில் ஏறக்குறைய நான்கு பேர் வேண்டாம் என்றார்கள். அவர்கள் எல்லோரும் மூடர்கள் என்ற தொனியில் எழுதினால் அவர்கள் உங்களைப் படிப்பதை நிறுத்திவிடுவார்கள். அவர்களுடைய பயத்தைக் கேளுங்கள். ஆதாரம் இல்லாத கூற்றுக்கு மட்டும் சரிசமமாக இடம் கொடுக்காதீர்கள்.

9. வதந்தியை மறுக்கும்போது வதந்தியைத் தலைப்பாக்காதீர்கள்.

ரசம் கொரோனாவைத் தடுக்குமா என்று தலைப்புப் போட்டால் பாதிப்பேர் தலைப்போடு நின்று ரசம் வைக்கப் போவார்கள். உண்மையை முதலில் சொல்லி, வதந்தியை நடுவில் ஒரு தடவை சொல்லி, திரும்ப உண்மையில் முடியுங்கள். கபசுரக் குடிநீர் குடிப்பவரை ஏளனம் செய்யாதீர்கள். குடித்துவிட்டுச் சோதனைக்குப் போகாமல் இருப்பதுதான் ஆபத்து என்று சொல்லுங்கள்.

10. இறந்தவரை எண்ணாகவும் விடாதீர்கள், காட்சியாகவும் ஆக்காதீர்கள்.

குடும்பத்தின் அனுமதி இல்லாமல் பெயர் வேண்டாம், வைத்தியசாலைக் கட்டில் படம் வேண்டவே வேண்டாம். 2020 ஏப்ரல் 19 இரவு, கொரோனாவில் இறந்த ஒரு நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. உடன் வேலை செய்த மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் இரண்டு ஊழியர்களோடு தன் கையால் மண் தள்ளி அவரை அடக்கினார். சடலத்திலிருந்து ஊருக்கே பரவும் என்று அந்தக் கூட்டத்துக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். முறைப்படி அடக்கம் செய்தால் பரவாது என்று அதற்கு முன்பே எத்தனை தடவை எழுதினோம் என்று ஒவ்வொரு செய்தியறையும் கேட்டுக்கொள்ள வேண்டிய இரவு அது.

11. திருத்தத்தைப் பிழை வந்த இடத்திலேயே போடுங்கள்.

சுவிஸ் பத்திரிகைப் பேரவையின் கடமைப் பட்டியலில் பிழை திருத்துவதும் ஒன்று. முகநூலில் போன பிழைக்கு முகநூலில், வாட்ஸ்அப் குழுவில் போனதற்கு அதே குழுவில். சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகாதீர்கள்.

12. நோய் இல்லாத காலத்தில் வேலை செய்யுங்கள்.

1918இலும் 1919இலும் இந்தச் சிறிய நாட்டில் ஸ்பானியக் காய்ச்சலால் ஏறக்குறைய 24,500 பேர் இறந்தார்கள். 1918 நவம்பரில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. அதை அடக்க வரவழைக்கப்பட்ட படையினர் காய்ச்சலில் இறந்தபோது, பழியை வேலைநிறுத்தக்காரர் மீது போட்டு எழுதின எதிர்த்தரப்புப் பத்திரிகைகள். நூலகத்தில் அந்தக் காலப் பழைய இதழ்களைப் புரட்டிப் பாருங்கள், அன்றைய தலைப்புகள் 2020க்கு அந்நியமாக இருக்காது.

2025 மே 20 அன்று ஜெனீவாவில் உலக நாடுகள் பெருந்தொற்று ஒப்பந்தத்தை ஏற்றன. உலக சுகாதார நிறுவனம் நாடுகளை முடக்கப் போகிறது, ஊசியைக் கட்டாயமாக்கப் போகிறது என்று அதைப் பற்றித் தமிழிலும் குரல் பதிவுகள் சுற்றுகின்றன. அந்த நிறுவனத்துக்கு அப்படிக் கட்டளையிடும் அதிகாரம் இல்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. ஒப்பந்தம் பொதுவில் கிடைக்கிறது, ஓர் இரவில் வாசித்து முடிக்கலாம். வாசித்துவிட்டு எழுதுங்கள்.

உங்கள் மாநிலச் சுகாதார அலுவலகத்தின் ஊடகப் பொறுப்பாளர் யார் என்று இப்போதே அறிந்து, ஒரு தடவை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். தமிழ் பேசும் வைத்தியர்கள், தாதியர், மருந்தகத்தில் வேலை செய்பவர்கள், மரணச் சடங்கு ஒழுங்கு செய்பவர்கள் ஆகியோருடைய இலக்கங்களைச் சேருங்கள். கோயில், தேவாலய, பள்ளிவாசல் நிர்வாகிகளுடையதும் வேண்டும். ஒவ்வொருவரிடமும், இரவு பத்து மணிக்கு அழைத்தால் எடுப்பீர்களா என்று கேட்டு வையுங்கள். ஆம் என்றவர்களின் பெயருக்கு நேரே ஒரு குறி இடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா இலக்கங்களையும் அழைத்துப் பாருங்கள், ஆட்கள் வேலை மாறியிருப்பார்கள்.